மாட்டுங்காவில் ஒரு மந்திரவாதி

பத்தாவது ரிசல்ட் வந்ததும் சயின்ஸா, காமர்ஸா என்று கூடிப் பேசும் மும்பை மாட்டுங்கா தமிழ் வீடுகளுக்கு ‘எல்டன் ரிங்’ புதிதாக எதையும் சொல்லித் தரவில்லை. 2022 பிப்ரவரியில் வெளிவந்த இந்த ஜப்பானிய வீடியோ கேம், திரை விரிந்ததும் பத்து கிளாஸ்களை, அதாவது பாத்திர வகைகளை, காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

செம்பூர் மாமாவிடம் கேட்டால் ‘வேகபாண்ட்’ என்பார். கனத்த கவசம், வாள், எதிரியின் வெட்டை முழுதாகத் தாங்கும் கேடயம்; கிட்டத்தட்ட அரசாங்க உத்தியோகம். சாமுராய்க்கு ரத்தம் கசிய வைக்கும் கத்தியோடு வில்லும் உண்டு: தூர நின்றே சம்பாதிக்கலாம், ஐடி மாதிரி. அஸ்ட்ராலஜருக்கு, அதாவது சோதிடருக்கு, மூளை 16 புள்ளி, உடல் வலு 8. அடுத்தவர் கிரகத்தைப் பார்ப்பவர், தன் மேல் விழும் அடியைத் தாங்க மாட்டார்.

கடைசி கிளாஸ் ‘ரெட்ச்’. லெவல் 1, கையில் ஒரு தடி, உடம்பில் கவசமே கிடையாது. அனுபவசாலிகள் இதைச் சவாலுக்காக எடுத்து ஆடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களுக்கு மற்ற ஒன்பதையும் யாரும் காட்டவில்லை.

இத்தனை ஆலோசனைக்குப் பிறகு தெரியவருவது, கிளாஸ் தீர்மானிப்பது தொடக்கப் புள்ளிகளையும் சாமான்களையும் மட்டுமே. சோதிடரும் பின்னால் கனத்த வாள் தூக்கலாம். கேமில் வரும் ராயா லுகாரியா அகாடமியின் ராணி ரென்னாலாவை வென்று, அவளிடம் ‘லார்வல் டியர்’ என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால், சேர்த்த புள்ளிகளையெல்லாம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மும்பைக் கல்லூரி எதுவும் இன்னும் இந்தச் சலுகையை அறிவிக்கவில்லை.