நாலு முழ வெயில்

மும்பை ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கிறேன் என்று ஊரில் சொன்னால், 'நாயகன்' பார்த்த தலைமுறை கையிலிருக்கும் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைக்கும். 1987ல் வந்த படம். அதற்கு மூலமான தாதா வரதராஜ முதலியார் எங்கள் பக்கத்துத் தாராவி, மாதுங்காவில் கொடிகட்டிப் பறந்த கதையெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. "ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளியில போக முடியுமா?" என்பார்கள். முடியாதுதான். வாசலில் நிற்கிற நாட்டு வாதாமரத்தில் வௌவால்கள் அந்நேரம்தான் சாப்பிட உட்காரும். தின்ற பழத்தின் கொட்டையை யார் தலையில் போடுவது என்று மேலே ஒரு பஞ்சாயத்து நடக்கும். எங்கள் வட்டாரத்தில் இப்போதைக்கு அடிதடி என்றால் அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. செக்டர் செக்டராக, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் கட்டடங்கள். அவற்றை அடையாளம் கண்டுபிடிக்க மரங்கள்தான் உதவி. கூரியர்காரரிடம் கதவிலக்கம் சொல்லிப் பிரயோசனமில்லை. "பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னாடி, விழுந்த குல்மோஹருக்கு எதிரே" என்றால் வந்துவிடுவார். குல்மோஹர் விழுந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. முகவரியில் அது இன்னும் இருக்கிறது.

மும்பைக்கு இது புதிதில்லை. வடாலா என்ற பெயரில் ஆலமரம் இருக்கிறது, சிஞ்ச்போக்லியில் புளி, உமர்காடியில் அத்தி. பெயரில் மரத்தை வைத்துக்கொண்டு தரையில் வெட்டிவிட்ட ஊர்கள். ஆண்டாப் ஹில்லுக்குத்தான் பெயரில் மரமே கிடையாது. ஆண்டோபா என்றொரு பழைய நிலச்சொந்தக்காரர் பெயர் மருவியது என்று 1917ல் பம்பாய் இடப்பெயர்களைத் தொகுத்த ஷெப்பர்டின் புத்தகம் சொல்கிறது. பெயரில் இல்லாத குறையைத் தீர்க்கவோ என்னவோ, மரங்களெல்லாம் தரையில் நிற்கின்றன.

போன சித்திரையில் அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தாள். நாகர்கோவில் ரயிலில் தாதரில் இறங்கும்போதே ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கறுப்புக் குடை. பையில் மூன்று கிலோ ஜவ்வரிசி. கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். அந்த ஊர்க்காரிக்கு வெயிலை வீணாக்குவது, சோற்றைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம். வந்த மறுநாள் விடிகாலையில் வடகத்துக்குக் கூழ் காய்ச்சி, அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஏலே, இந்த ஊர்ல சூரியன் எந்தப் பக்கம்லே உதிக்கும்?"

எனக்கும் அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், நேராகப் பார்த்ததில்லை. இலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ வெளிச்சமாக இருக்கும், சரி விடிந்துவிட்டது என்று ஆபீசுக்குப் போய்விடுவேன். மொட்டைமாடி பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்பதற்கு ஐந்து வீட்டில் ஆறு பதில் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1896ல் பிளேக் வந்து பம்பாயை உலுக்கியபின் 1898ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வைத்தார்கள். நெரிசலில் கிடந்த ஜனங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று தாதர், மாதுங்கா பக்கம் அகலத் தெருவும் தோட்டமுமாகத் திட்டம் போட்டார்கள். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவெல்லாம் அந்தக் கணக்கில் வந்ததுதான். காற்றுக்கு வைத்த மரம் வளர்ந்து வெளிச்சத்தைச் சாப்பிடும் என்று அந்தத் துரைமார் யோசிக்கவில்லை. அவர்கள் வடகம் போட்டதில்லை.

கிளையைக் கொஞ்சம் கழிக்கலாமே என்று அம்மா கேட்டாள். 1975ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கேட்காமல் கை வைக்கக்கூடாது என்றேன். "முருங்கையை ஒடிக்கக்கூட மனு போடணுமா?" என்றவள், அன்று முழுக்க என்னை ஒரு கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மூன்று நாள் ஆராய்ச்சி செய்து அம்மா வெயிலைக் கண்டுபிடித்துவிட்டாள். காம்பவுண்டிலேயே ஒரே ஒரு இடத்தில், ஒன்பதரையிலிருந்து இரண்டு மணிவரை சுத்தமான வெயில். விழுந்த குல்மோஹர் விட்டுப்போன ஓட்டை அது. அந்த இடத்தில் இரண்டாம் மாடி மராட்டிக்காரரின் வெள்ளைக் கார் நின்றது. அவரும் முட்டாளில்லை. மரத்தடியில் நிறுத்திய கார்கள் காக்கை எச்சமும் இயல்வாகைப் பூவுமாகக் கோயில் தேர்போல ஆகிவிடும். ஆகவே காலை ஐந்து மணிக்கே எழுந்து இடம் பிடிப்பார்.

அம்மாவுக்கு இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. அவருக்குத் தமிழில் 'இட்லி' தெரியும். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். முடிவு: இடம் காருக்கு, காரின் கூரை அம்மாவுக்கு. வேட்டியின் நாலு மூலையையும் நாலு கதவிலும் வைத்து மூடினால் காற்றுக்குப் பறக்காது என்பது அவர் யோசனை. பக்கத்தில் குடையை விரித்து வைத்தால் காக்கை அண்டாது என்பது அம்மாவினுடையது. தகரச் சூட்டில் வடகம் கீழிருந்தும் காய்ந்தது. ஊரில்கூட இப்படிக் காய்ந்ததில்லை என்று என் அக்காவுக்கு போன் செய்து சொன்னாள்.

ஐந்தாம் நாள் அவருக்கு அவசரமாக ஏதோ போன் வந்திருக்கிறது. பேசிக்கொண்டே வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, போயேவிட்டார். ஒரு மூலை மட்டும் விடுபட்டுப் படபடக்க, மற்ற மூன்றும் விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருக்க, நூற்றைம்பது வடகங்கள் கிங்ஸ் சர்க்கிளைப் பார்க்கக் கிளம்பின. சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டச் சொன்னாராம். மேலே என்ன என்று கேட்டாராம். இவர் இறங்கிப் பார்த்து, திகைத்து, "பாபட், சாகேப்" என்றாராம். காவலர் ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாராம்.

மாலையில் வேட்டியை மடித்துக் கையில் ஏந்தி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல வாசலில் நின்றார். அம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழு குறைந்தது. ஆனால் மீதியைத் தட்டிப் பார்த்தவள் முகம் மாறியது. கணகணவென்று சத்தம். மரமில்லாத சாலையில் ஒரு மணி நேரம், ஓடுகிற காற்றில்; இரண்டு நாள் காய்ச்சல் ஒரே நாளில் முடிந்திருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. கையில் கார் சாவி.

"மாவ்ஷி, இன்னிக்கு வாஷி வரைக்கும் போறேன். பாலத்து மேல நல்ல வெயில்," என்றார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மா கூழ்ப் பானையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.