பேட்டு பளபளத்தா யாருக்கென்ன கண்ணு?

ஏங் கண்ணு, 20,000 ரூபா குடுத்து டென்னிஸ் ராக்கெட்டு வாங்கிப்போட்டு, அதைப் பழைய துண்டுல சுத்திக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போறயாமே? களவாண்ட பொருளா அது? உங்கப்பன் காசு குடுத்து வாங்குனதுதான?

கேட்டா, "தாத்தா, எனக்கு இன்னும் சர்வீஸே நெட்டைத் தாண்ட மாட்டீங்குது. இந்த லச்சணத்துல பெரிய ஆட்டக்காரங்க பேட்டைத் தூக்கிக்கிட்டுப் போனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"ங்கற. சரி. அந்த நாலு பேரு ஆரு? எண்ணிச் சொல்லு பாக்கலாம்.

உனக்குத் தெரியாது, நாஞ் சொல்றேன். பேத்தியைக் கூட்டிக்கிட்டு வந்து அந்த சிமென்ட் பெஞ்சுல நெதமும் குந்தறவன் நாந்தான? காலையில ஆறு மணிக்கு அங்க வர்ற சனத்தை எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குச் சர்க்கரை. டாக்டரு ஓடுன்னு சொல்லிட்டாரு, ஓடறாரு. பந்து எந்தப் பக்கம் போவுதுன்னு அவருக்கு அக்கறையே இல்ல. இன்னொருத்தரு சேகோ ஆலைக்காரரு. மரவள்ளிக் கெழங்கு டன்னு என்ன வெலைன்னு காதுல போனை வெச்சுக்கிட்டே ஒத்தைக் கையில ஆடறாரு. மூணாவது ஆளு நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சுருக்கறவரு. முட்டை வெல எறங்குச்சுன்னா அன்னைக்கு அவரு அடிக்கற பந்தெல்லாம் காம்பவுண்டுக்கு வெளிய. நாலாவது, கோர்ட்டைப் பாத்துக்கற மார்க்கரு. அந்தப் பையனுக்கு எப்ப எட்டு மணி ஆவும், எப்ப டீ குடிக்கலாம்னு இருக்குது. இதுல உம்பட பேட்டு கறுப்பா செவப்பான்னு பாக்க ஆருக்குச் சாமி நேரம் கெடக்குது?

பவுசு காட்டறவனையும் பாத்திருக்கறேன். மணிக்கட்டுல ஒரு பட்டை, நெத்தியில ஒரு பட்டை, ஆறு பேட்டு புடிக்கற பையி. உள்ள இருக்கறது ஒரே பேட்டு, மீதி எடத்துல இட்லி டப்பா. அவனைப் பாத்தாச் சிரிப்பு வரும், போயிரும். ஆனா பவுசுக்குப் பயப்படறவன் ஒருத்தன் இருக்கறான் பாரு, அவன் அதுக்கும் மேல. முன்னவனாச்சும் ஊரு தன்னைப் பாக்கோணும்னு ஆசைப்படறான். இவன் ஊரே தன்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்குதுன்னு முடிவே பண்ணிப்போட்டான். ரெண்டு பேருல ஆருக்குத் தலைக்கனம் சாஸ்தி? நீயே சொல்லு.

வெசனப்படாத, இந்தச் சீக்கு உனக்கு மட்டும் வந்ததில்ல. அமெரிக்காக்காரரு ஆந்த்ரே அகாசி. கேள்விப்பட்டிருக்கறயா? ஜீன்ஸ் துணியில டவுசரு, கண்ணைக் கூசற கலருல சட்டை, தோள்பட்டை வரைக்கும் முடி. விம்பிள்டன்ல வெள்ளைதான் உடுத்தோணும்னாங்க. 1988லிருந்து மூணு வருசம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல மனுசன். அத்தனை அலும்பு. ஆனா அந்த முடி இருக்குதே, அது சவுரி!

1990, பிரெஞ்சு ஓபன் ஃபைனலு. மொத நாளு ராத்திரி குளிக்கையில சவுரி பிஞ்சுபோச்சு. அண்ணனும் தம்பியுமா ஒக்காந்து கிளிப்பு குத்தி எப்படியோ நிறுத்துனாங்க. மக்யா நாளு ஆட்டத்துக்கு மின்னால மனுசன் சாமி கும்புட்டாரு. எதுக்கு? செயிக்கறதுக்கா? சவுரி கழண்டு விழுந்துரக் கூடாதுன்னு! நாங் கட்டிச் சொல்லல கண்ணு. 2009ல வந்த தன் பொஸ்தகத்துல அவரே இதை எழுதி வெச்சுருக்கறாரு. அன்னைக்கு ஈக்வடார்க்காரரு ஆந்த்ரெஸ் கோமஸ்கிட்டத் தோத்தாரு. தோக்காம என்ன செய்வாரு? ஒரு கண்ணு பந்து மேல, ஒரு கண்ணு கிளிப்பு மேல.

1994 கடைசியில மொட்டை போட்டாரு. பழனிக்குப் போவாமயே போட்டாரு. அடுத்த மாசமே ஆஸ்திரேலிய ஓபன் கப்பு கைக்கு வந்துச்சு. கைவிட்டுப்போன அந்தப் பிரெஞ்சு ஓபனையும் 1999ல வாங்கிப்போட்டாரு. மொட்டைதான் செயிக்க வெச்சுதுன்னு நீ நாளைக்கே போயி அடிச்சுக்கிட்டு வந்து நிக்காத, உங்கம்மா என்னைத்தான் வைவா. தலையில இருந்து எதுவும் விழாதுன்னு தெரிஞ்சவன் பந்தைப் பாப்பான், அவ்வளவுதான்.

சரி, சிரிப்பாங்கங்கற பயத்தை உடு. பயப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்குது, அதை நீ கேக்கவே இல்ல. அந்தப் பேட்டு உம்பட கைக்கு ஆவுமா?

நீ வாங்குனது ஃபெடரரு பேரு போட்டதுதான? கட்டிங், அதான் நரம்பு, போடாமயே 340 கிராமு அது. புதுசாக் கத்துக்கறவங்களுக்கு 260லிருந்து 285 கிராமுக்குள்ள இருந்தாப் போதும்பாங்க. கொறஞ்சது அம்பத்தஞ்சு கிராமு சாஸ்தி. அதென்ன பெருசுங்கறயா? ஒரு நாமக்கல் முட்டை வெயிட்டு. அந்த ஒரு முட்டையைச் சேத்துப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கையை வீசிப் பாரு, பெருசா சின்னதான்னு உம்பட தோளே சொல்லும்.

தலை அளவு பாத்தயா? 97 சதுர அங்குலம். அந்த ஃபெடரரே 90ல வருசக்கணக்கா ஆடிப்போட்டு, போதுஞ்சாமின்னு 2014லதான் 97க்கு வந்தாரு. தலை பெருசா இருந்தா, பந்து நடுவுல படாட்டியும் பேட்டு கொஞ்சம் பொறுத்துக்கும். நீ அடிக்கறதுல பாதி பந்து வெளிம்புல படுது, நாம் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்? உனக்கு 100, 105 இருந்தாத்தான் பந்து அந்தப் பக்கம் போயிச் சேரும். உலகத்தையே செயிச்சவரு தலையைப் பெருசு பண்ணிக்கிட்டாரு, நீ சின்னதுதான் வேணும்ங்கற. நல்லாருக்குது நாயம்.

அந்தக் கட்டிங்கு வேற. பாலியஸ்டரு போட்டிருக்கறயே, ஆரு சொன்னது? அது வெறப்பா இருக்கும். முழு வேகத்துல சுத்தி அடிக்கறவனுக்குச் சுழலு குடுக்கும். உன்னாட்டம் தயங்கித் தயங்கி அடிக்கறவனுக்கு அதிர்ச்சி பூராவும் நேரா முழங்கைக்கு வரும். அப்பறம் எல்போ புடிச்சுக்கிச்சுன்னு எண்ணெயும் கையுமா ஒக்காந்திருப்ப. நைலானு கட்டச் சொல்லு. கைக்கும் மெத்துனு இருக்கும், வெலையும் கொறவு.

இன்னொண்ணு சொல்றேன், வயிறு எரிஞ்சா நாம் பொறுப்பில்ல. டிவியில பெரிய ஆட்டக்காரங்க புடிச்சிருக்கற பேட்டும் கடையில தொங்கற பேட்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறயா? அதுல பல பேரு கைக்குப் பழகுன பழைய பேட்டையேதான் வெச்சிருப்பாங்க. மேல மட்டும் இந்த வருசத்து மாடலு பெயின்ட்டு. கம்பெனிக்கு யாவாரம் நடக்கோணும், அவங்களுக்குக் கை பழக்கம் மாறக் கூடாது. அந்தத் தொழில்ல இருக்கறவங்க இதைப் பெயின்ட் ஜாப்புன்னே சொல்லுவாங்க. நீ ஆசைப்பட்டது அந்தப் பெயின்ட்டுக்கு.

பெயின்ட்டை நாங் கொறை சொல்லுவனா? லாரியில காலத்தை ஓட்டுனவன் நானு. நாமக்கல்லுல பாடி கட்டற பட்டறைக்குச் சேசிஸு மொட்டையா வரும். திரும்பி வெளிய வரையில கேபினு முச்சூடும் பூவு, மயிலு, சாமி படம், மின்னால குஞ்சம். அதுக்காக எந்த டிரைவரும் வெக்கப்பட்டதில்ல. நேத்து ஸ்டியரிங் புடிச்ச கிளீனர் பையன்கூட, இத்தனை பூவு போட்ட வண்டியை நான் ஓட்டலாமான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆனா லோடு ஏத்துன பன்னெண்டு சக்கர வண்டியை அவங்கையில குடுக்க மாட்டோம். பூவுக்காக இல்ல. மொத வளைவுலயே அவனால திருப்ப முடியாது. உம்பட பேட்டுக்கும் கணக்கு அதேதான். கலரு எதுவோ இருந்துட்டுப் போவுது, வெயிட்டைப் பாருன்னுதான் சொல்றேன்.

இதுக்கு நேரெதிரா இன்னொரு கோஷ்டி இருக்குது. "பேட்டென்ன, ஷூவென்ன? நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் எதை வெச்சுக்கிட்டு ஆஸ்திரேலியா போனாரு?"ன்னு கேக்கற கோஷ்டி. போனாரு. ஆரு இல்லீங்கறா? அப்பா தறியில கூலி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. இருவது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துலதான் கிரிக்கெட்டு. அது லேசான பந்து. கொஞ்சம் எடம் குடுத்தாலும் அடிக்கறவன் தூக்கிக் கெணத்துல போட்டுருவான். அதனால காலடியில எறக்கப் பழகோணும். அப்படிப் பழகுன கையிதான் 2020 நவம்பருல ஐபிஎல்லுல டி வில்லியர்ஸு ஸ்டம்பைப் பேத்துச்சு. வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. டிசம்பரு 2ந்தேதி கான்பெர்ராவுல ஒருநாள் ஆட்டம், ரெண்டு நாளு கழிச்சு அதே ஊர்ல டி20, 2021 சனவரி 15ல பிரிஸ்பேன்ல டெஸ்ட்டு. ஒரே பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் அறிமுகமான மொத இந்தியரு நம்ம சேலத்துக்காரருதான். திரும்பி வந்தப்ப ஊரு என்ன பண்ணுச்சு? குதிரை பூட்டுன ரதத்துல ஏத்தி மேளம் அடிச்சு ஊர்கோலம் உட்டுச்சு. அவரு ஒண்ணும் துண்டு போட்டு மொகத்தை மூடிக்கல.

ஆனா அந்தக் கோஷ்டி ஒண்ணை மறந்துருது. டென்னிஸ் பந்துல ஆடுனது அவரு எடுத்த விரதமில்ல. தோலு பந்துக்கும் கிரவுண்டுக்கும் அங்க வழியில்ல. வழி கெடச்சதும் மாறிக்கிட்டாரு. அப்பறம் சொந்த ஊர்லயே ஒரு கிரவுண்டைக் கட்டி 2023 சூன்ல தினேஷ் கார்த்திக்கை வெச்சுத் தொறந்தாரு. இல்லாமதான் ஆளு உருவாவான்னு அவரு நெனச்சிருந்தா அந்தக் கிரவுண்டு எதுக்கு? பருத்திக் காட்டுலயே பசங்களை உட்டுட்டுப் போயிருக்கலாமே.

பழசைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறதும் ஒரு பவுசுதான் கண்ணு. நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 61லயும் விம்பிள்டன் செமி ஃபைனலு வரைக்கும் போனது மரப்பேட்டுல. சரி, அன்னைக்கு எதுத்தாப்புல நின்னவங்க கையிலயும் மரந்தான். ஸ்வீடன்காரரு பியான் போர்க் என்ன பண்ணுனாரு தெரியுமா? 11 கிராண்ட் ஸ்லாம் வாங்குன கொம்பன். வருசக்கணக்கா ஆட்டத்தை உட்டுப்போட்டு, 1991ல மான்டி கார்லோவுக்குப் பழையபடி மரப்பேட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஊரு பூராவும் கிராஃபைட்டுக்கு மாறியாச்சு. அவ்வளவாப் பேரெடுக்காத ஜோர்டி அரேஸுங்கறவரு 6-2, 6-3ன்னு அனுப்பி வெச்சுட்டாரு. பழக்கம் உட்டுப்போனதும் காரணந்தான். ஆனாலும் மரப்பேட்டு பரிதாபம் பாக்கல.

காசு இருந்தா எங்க போடறதுன்னு கேட்டிருந்தா நெசமாவே சந்தோசப்பட்டிருப்பேன். கால்ல போடு. நீ இப்பப் போட்டிருக்கறது ஓட்டத்துக்கான ஷூவு. நேரா மின்னால ஓடறதுக்கு அது. அடி உசரம், மெத்துமெத்துன்னு இருக்கும். டென்னிஸுல பக்கவாட்டுல பாஞ்சு டக்குனு நிக்கோணும். இந்த ஷூவோட நின்னா ஒடம்பு நிக்கும், கணுக்காலு மடங்கிக்கும். டென்னிஸ் ஷூவுல அடி தட்டையா, ஓரம் கெட்டியா இருக்கும். கிளிப்பச்சையில வாங்கு, ரோசுல வாங்கு, எனக்கென்ன.

கால்ல மாட்டறதோட அருமை நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பனைக் கேட்டாத் தெரியும். 2016ல ரியோ பாராலிம்பிக்ஸுல, உசரம் தாண்டற போட்டியில, 1.89 மீட்டரு தாண்டித் தங்கம். டோக்கியோவுல, அது 2021ல நடந்துச்சு, ஆட்டத்தன்னைக்கு மழை புடிச்சுக்கிச்சு. 1.86, வெள்ளி. அடிபட்ட காலுல போட்டிருந்த சாக்ஸு நனைஞ்சுபோச்சு, இல்லீன்னா தங்கமே வாங்கிருப்பேன்னாரு. பாத்தயா? அங்க போயி அவரு நெனச்சது சாக்ஸை. பனியன் கலரை இல்ல.

உங்கிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். நேத்து மார்க்கரு பையன் ஆரஞ்சுப் பந்தை எடுத்துக் குடுத்தப்ப ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட? கொழந்தைங்க பந்துன்னா? செவப்பு, ஆரஞ்சு, பச்சைப் புள்ளின்னு மூணு வகை. சாதாரணப் பந்தை விட செவப்பு 75 சதம் மெதுவா வரும், ஆரஞ்சு 50, பச்சை 25. பத்து வயசுக்குள்ள இருக்கறவங்க போட்டிக்கு இந்த மெதுப் பந்துதான்னு உலக டென்னிஸ் சங்கம் 2012லிருந்து விதியே போட்டிருக்குது. பந்து மெதுவா வந்தா எட்டு எடுத்து வெச்சு, திரும்பி நின்னு, ஒழுங்கா அடிக்க நேரம் கெடைக்கும். கெழவன் கத்துக்கிட்டாலும் அதுலதான் ஆரம்பிக்கோணும். எம்பட பேத்தி அதுலதான் நிறுத்தாம ஆடிக்கிட்டு இருக்கறா. நீ மஞ்சப் பந்தைத்தான் அடிப்பேன்னு அடம் புடிச்சு, பாதி நேரம் முள்ளு வேலிக்குள்ள பந்து பொறுக்கற. 20,000 ரூபா பேட்டு உனக்குச் சாஸ்தியாத் தெரியுது, ஆரஞ்சுப் பந்து கொறவாத் தெரியுது. நடுவுல உனக்குன்னு என்னதான் தெகையும்?

துண்டை அவுத்து வெச்சுட்டு ஆடு. இல்ல, கை வலிக்குது, இந்தப் பேட்டு ஆவாதுன்னு முடிவு பண்ணுனயா, கடைக்காரங்கிட்டத் தூக்கிக்கிட்டு ஓடாத. அவன் அடிமாட்டு வெலைக்குக் கேப்பான். மொதல்ல எங்கிட்டச் சொல்லு. பாதி வெலைக்கு நான் எடுத்துக்கறேன். இன்னும் அஞ்சாறு வருசம் போனா பேத்திக்கு அந்த வெயிட்டு சரியா வரும். பேட்டோட வந்த தோளுப் பையையும் சேத்துத்தான் சொல்றேன்.