ஒயினுக்கு முன்னால் ரயில்

கேள்வி: போர்ச்சுகலில், போர்ட்டோ நகரிலிருந்து ரயிலில் போய் ஒயின் ஆலையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?

– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக, ரயிலும் ஒயினும் கூட்டுச்சதி செய்யாவிட்டால்! திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பின்யாவ் ஊருக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், டோரு ஆறு கூடவே வரும். என் நண்பர் குடும்பத்துக்குக் கிடைத்தது இடப்பக்கம். வழியெல்லாம் பாறை தரிசனம். வழியிலுள்ள ரெகுவா ஸ்டேஷனில் வண்டி மாறச் சொல்லி போர்ச்சுகீசியத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் இறங்க, இவர்கள் மட்டும் ஜன்னல் சீட் காலியான சந்தோஷத்தில் உட்கார்ந்தே இருந்தார்கள். இணைப்பு வண்டி போயே போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து ஆலைக்குப் போனால், வாசலில் பூட்டு! பின்யாவ் ஸ்டேஷன் சுவரின் நீல ஓடுகளில் திராட்சை அறுவடை முழுக்கச் சித்திரமாக இருக்கிறது. அதை இலவசமாகப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஆலை திறந்திருந்தாலும் உஷார். இந்தப் பகுதியின் போர்ட் ஒயின் பாதி நொதிக்கும்போதே பிராந்தி ஊற்றி நிறுத்திவிடுவார்கள். இனிப்பு தங்கிவிடும், ஆல்கஹாலோ சுமார் 20 சதவீதம். சர்பத் என்று நினைத்து மளமளவென்று குடித்தால் எதிர்த்திசை வண்டியில் ஏறி, கடைசி ஸ்டேஷன் பொசின்யுவில்தான் கண் விழிப்பீர்கள்.