பெயரை மாற்று, கவலை தீர்ந்தது

1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகு க்ரீம், 2020 ஜூலையில் ஞானம் பெற்றது. 'ஃபேர்' போனது, 'குளோ' வந்தது. 45 ஆண்டுத் தாழ்வு மனப்பான்மைக்கு ஒரே சொல்லில் வைத்தியம்! கருப்பாக இருப்பது இனிமேல் குறையே இல்லை. பளபளக்காமல் இருப்பதுதான் குறை. ஆண்களையும் அம்போவென்று விடவில்லை, அவர்களுக்கு 'குளோ அண்ட் ஹேண்ட்சம்'. (நம் கல்யாணத் தரகர்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். இல்லாவிட்டால் 'மாநிறம்' எங்கிருந்து வந்தது?)

இந்த வைத்தியத்தை எங்கள் ஊரான காட்டாங்குளத்தூருக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஜிஎஸ்டி சாலை வெயிலில் முகம் கருத்தால், அது 'சூரிய சேமிப்பு'. வழுக்கைக்கு 'விசால நெற்றி'. செங்கல்பட்டு மின்சார ரயிலில் மூவர் இருக்கையில் நான்காமவராக நெருக்குபவர் குண்டானவர் அல்லர், 'நிறைந்த பயணி'. கல்லூரிப் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பொத்தேரியில் ரயில் ஏறி எடுக்கும் செல்ஃபியில், காட்டாங்குளத்தூர் வருவதற்குள் மூக்கு சிறுத்து, கன்னம் வற்றி, தாடை கூர்மையாகிவிடுகிறது. பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாத முகம். ஆனால் தன்னம்பிக்கை மிக்க முகம்.

என் தொப்பைக்கு 'முன்னேற்றம்' என்று பெயரிட்டேன். எதிர்வீட்டு அக்காவிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். இரண்டே நாள்தான். மாடியில் துணி காயப்போட்டபடி தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்:

"என்ன தம்பி, முன்னேற்றம் சட்டைப் பட்டனைத் தாண்டிடுச்சே?"

அடுத்த பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.