எடுக்க மனம் வராதவர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜூலை பிறந்துவிட்டால் ஒரு வகை மனிதரைச் சுலபமாக அடையாளம் காணலாம். பத்து விரல் நுனியும் சிவந்திருக்கும், சட்டையின் முன்பக்கம் ரத்தத் தெறிப்பு போல இருக்கும், முகத்தில் மட்டும் குற்ற உணர்ச்சியே இருக்காது. இவர் செர்ரியை உறையவைப்பவர். அந்த நாட்டின் புளிப்புச் செர்ரியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. அதிலும் மாண்ட்மொரன்சி என்ற வகைதான் அதிகம். மெல்லிய தோல், கைபட்டால் கசியும் சதை, சில வாரமே நீடிக்கும் பருவம். மாங்காயைப் போல வைக்கோலில் போட்டுப் பழுக்கவைக்கலாம் என்ற சமாசாரமும் கிடையாது. மரத்தை விட்டு இறங்கியதும் செர்ரியின் வளர்ச்சி முடிந்தது, அப்புறம் அழிவுதான் பாக்கி. (நம் ஊர் பேக்கரிகளில் கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் செர்ரிக்கு இந்தக் கவலை இல்லை. பெரும்பாலும் அது சாயம் பூசிக்கொண்டு பாகில் ஊறிய களாக்காய்.) ஆகவே பழத்தை உறையவைப்பதில் தவறு காண முடியாது. இவரைப் பற்றி எனக்குள்ள சந்தேகம் வேறு: இவர் பிறகு சாப்பிடுவதற்காகத்தான் உறையவைக்கிறாரா?

வேலையைப் பார்த்தால் சந்தேகப்படவே தோன்றாது. பழத்தைக் கழுவி, காம்பைக் கிள்ளி, துணியில் பரப்பி ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். ஈரம் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொட்டை எடுக்கக் கடையில் கருவி விற்கிறது, ஆனால் பரம்பரைக்காரர் கொண்டை ஊசியைத்தான் நம்புவார். காம்பு இருந்த குழியில் ஊசியின் வளைந்த முனையை விட்டு ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. கொட்டை வெளியே, சாறு சுவரில். பிறகு தட்டில் காகிதம் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைப்பார். மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாகி, சதையின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகியதும் பழம் தொளதொளவென்று ஆவது அதனால்தான். தனித்தனியாக வைத்தால் குளிர் சுற்றிலும் சீக்கிரம் பாயும். கோலிக்குண்டு போல இறுகியதும் பிளாஸ்டிக் பையில் கொட்டி, வாயோரத்தில் ஸ்ட்ராவைச் செருகி, கன்னம் ஒட்டக் காற்றை உறிஞ்சி மூடுவார். காற்று தங்கினால் மேற்பரப்பின் பனி ஆவியாகிப் பழம் வறண்டுவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். பையின் மேல் வகை, தேதி, எத்தனை கப் என்று எழுதுவார். கணக்குப்பிள்ளை தோற்றான்.

உள்ளே போடுவதில் இவ்வளவு தேர்ச்சி உள்ளவர், வெளியே எடுப்பதில் மட்டும் கற்றுக்குட்டி. தமிழில் எழுதும்போது பிளாஸ்டிக் பையும், பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பை (pie) என்ற பலகாரமும் ஒன்றாகிவிடுகின்றன. அவர் வீட்டிலும் அதே தகராறுதான். பைக்குள் போன செர்ரி செர்ரி பையாக வெளியே வந்ததே இல்லை. பிப்ரவரி 22 ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள். அவர் சிறுவனாக இருந்தபோது செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையைச் சொன்ன கதை வீம்ஸ் என்ற பாதிரியார் கட்டியது. கதை பொய்யானாலும் செர்ரி பை மெய்யாகவே அன்று சுடப்படுகிறது. நம்மவர் வீட்டிலும் சுடுவார்கள், கடையில் வாங்கிய டின் செர்ரியில். “நம்முடையதை இதற்கா எடுப்பது?” என்பார். எதற்கு எடுப்பது என்று கேட்டால், விசேஷம் வரட்டும் என்பார். காரேஜில் இருக்கும் பெட்டி ஃப்ரீசரைத் திறந்தால் அகழாய்வுக் குழி மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். மேலே போன ஜூலை, அதற்குக் கீழே அதற்கு முந்தைய ஜூலை, அடியில் கையெழுத்தே அழிந்துபோன காலம். கொட்டையையும் விடமாட்டார். அதே மாநிலத்தில் ஓ க்ளேர் என்ற ஊரில், செர்ரிக் கொட்டையை யார் அதிக தூரம் துப்புவது என்று 1974இல் போட்டியே தொடங்கினார்கள். இவர் துப்பமாட்டார். கழுவி, காயவைத்து, இடுப்பு வலிக்கு ஒத்தடத் தலையணை தைக்கலாம் என்று டப்பாவில் மூடி வைப்பார். டப்பா இருக்கிறது, இடுப்பு வலியும் இருக்கிறது.

இது சிக்கனம்தானே, இதைப் போய்க் கேலி செய்யலாமா என்று கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, கிடைக்காதபோது தின்றால் சிக்கனம். கிடைக்காதபோதும் தின்னாமல், அதற்கு மின்கட்டணமும் கட்டுவதற்கு வேறு பெயர் தேட வேண்டும். இதைவிட வலுவான வாதம் ஒன்று அவர்களிடம் உண்டு: 2012. அந்த மார்ச்சில் கோடை போல வெயிலடித்து, மரங்கள் ஏமாந்து முன்கூட்டியே மொட்டுவிட, பின்னால் வந்த உறைபனி எல்லாவற்றையும் கருக்கியது. மாநிலத்தின் புளிப்புச் செர்ரியில் ஏறக்குறைய 90 சதவீதம் போயிற்று. “அன்றைக்கு எங்கள் ஃப்ரீசர்தானே இருந்தது!” இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ரகத்தின் இயல்பைப் பாருங்கள். மரத்தில் பழமே இல்லாத வருஷத்தில் உள்ளே இருப்பது தங்கமாகிவிடுகிறது. தங்கத்தை யாராவது மாவுக்குள் வைத்துச் சுடுவார்களா? பஞ்சத்துக்கென்று சேர்த்தவர், பஞ்சம் வந்ததும் பூட்டை இன்னும் இறுக்குகிறார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் அந்தப் பெட்டியின் நேர்த்தி என்றே நினைக்கிறேன். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது. ஒரு வருஷத்துக்குமேல் ருசியும் பதமும் குறையலாமே தவிர, பழம் கெட்டுப்போகாது. கூடையில் இருக்கும் செர்ரி நாளைக்கு அழுகிவிடுவேன் என்று மிரட்டும். அந்த மிரட்டலுக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும், குழந்தைகளின் வாயும் சிவக்கும். கல்லாகிவிட்ட செர்ரி யாரையும் அவசரப்படுத்துவதில்லை. இன்றைக்கே தின்ன வேண்டிய கட்டாயம் போனதும், என்றைக்குத் தின்பது என்ற கேள்வியும் அதோடு போய்விடுகிறது. இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வயிறு நிறைத்துவிடுகிறது. குளிர்கால இரவில் மூடியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மூடுவார். அதுதான் சாப்பாடு.

இப்போது ஜூன் கடைசி. தோப்புகளில் காய் சிவக்கிறது, பெட்டியில் விரல் நுழைய இடமில்லை. பழையதைத் தின்று தீர்த்தால் இடம் வரும் என்று மனைவி சொல்கிறார். அவர் காதில் விழவில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு காரேஜில் இரண்டாவது ஃப்ரீசருக்கு அகலம் அளந்துகொண்டிருக்கிறார். காரை வெளியே நிறுத்தினால் சரியாக இருக்கும். கார் என்ன, கெட்டா போய்விடும்?