பதினேழு பேருக்கு ஒரு கப்பல்

கப்பல் உல்லாசப் பயண விளம்பரங்களில் எப்போதும் இரண்டே பேர்தான் இருப்பார்கள். பால்கனியில் சாய்ந்து நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அறைக்குள் பல் தேய்க்காத பையனோ, "என் கண்ணாடியைப் பாத்தியா?" என்று தேடும் அப்பாவோ, "ஈரத் துணியை எங்க காயப்போடுறது?" என்று கேட்கும் அம்மாவோ இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு விளம்பரத்தை என் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அப்பாவோட எழுபதுக்கு எல்லாரும் போலாமா?" என்று கேட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டான். நெருப்பு வைக்கிறவர்கள் நின்று பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் 'எல்லாரும்' என்றால் பதினேழு பேர். அப்பா, அம்மா. அண்ணன் வீட்டில் நாலு, என் வீட்டில் நாலு. தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள். அப்பாவின் அக்காவான பெரிய அத்தை, அத்தையின் மகன், மருமகள். மனைவியை இழந்தவரும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியருமான சித்தப்பா. கணக்கில் வராத ஒருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. என் கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் சம்பந்தி வீட்டாரைச் சித்தப்பா உட்கார வைத்தார் என்பது மாமா தரப்பு. "எழுப்பல, நகரத்தான் சொன்னேன்" என்பது சித்தப்பா தரப்பு. அந்தக் கல்யாணத்தில் பிறந்த என் பையன் இப்போது பத்தாம் வகுப்பு எழுதப் போகிறான். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எழுபது என்றால் பீமரத சாந்தி. அதைத் திருக்கடையூரில் செய்யாமல் கடலிலா செய்வது என்று அம்மா கேட்டதற்கு, முதலில் திருக்கடையூர், பிறகு கப்பல் என்று முடிவானது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இப்படித்தான் தீரும். இரண்டு தரப்பும் ஜெயிக்கும், செலவு இரட்டிப்பாகும்.

தில்லைநகரில் ஒரு டிராவல்ஸ் பையனைப் பிடித்தோம். பொறுமைசாலி. திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் விமானம், அங்கே கப்பல் ஏறிப் பினாங்கு, மறுபடி சிங்கப்பூர், மூன்று இரவு என்றான். புக்கெட்டையும் சேர்த்து நான்கு இரவு போகலாம் என்று அண்ணன் பிள்ளைகள் துள்ளின. பள்ளி விடுமுறை என்றால் மே மாதம்தான். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரத்தில் அந்தமான் கடல் பக்கம் அலை கூடும். பினாங்கோடு திரும்பினால் மலாக்கா நீரிணைக்குள்ளேயே போய் வந்துவிடலாம். ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேசியா, நடுவில் அடக்கமான தண்ணீர். இதை நான் விளக்கியதும் பெரிய அத்தை, "புக்கெட்ல நமக்கு யாரு இருக்கா? பினாங்குல எங்கப்பா கடை வச்சிருந்தாரு" என்றார். பருவக்காற்றைவிட அந்த வாதம் வேகமாக வென்றது.

அடுத்து அப்பா பஞ்சாங்கத்தோடு வந்தார். கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. வெள்ளி மேற்கே சூலம். "தம்பி, துறைமுகத்தை விட்டதும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும்?" என்று டிராவல்ஸ் பையனைக் கேட்டார். அவன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செல்போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, "மேற்கதாங்க சார், அப்புறம் வடமேற்கு" என்றான். அப்பா முகம் வாடியது. பரிகாரமாக வெல்லம் சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று பெரிய அத்தை தீர்ப்புச் சொல்ல, சாமான் பட்டியலின் முதல் வரியில் 'வெல்லம், கால் கிலோ' ஏறியது. பாஸ்போர்ட் இரண்டாவது வரி.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரும்போர்: அறை ஒதுக்கீடு. கப்பலில் அறையைக் கேபின் என்கிறார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது என்று படிப்படியாக விலை ஏறும். "எனக்கு எது குடுத்தாலும் பரவாயில்லைங்க" என்றார் மாப்பிள்ளை. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தால் இருப்பதிலேயே விலை கூடியதைக் கொடுக்க வேண்டும் என்று பொருள். அம்மா உடனே என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஜன்னல் இல்லாத ரூமா? ஊர் என்ன சொல்லும்?" என்றாள். நடுக்கடலில் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளைக்குப் பால்கனி என்றதும் அண்ணி சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சற்று ஓசையோடு அடுக்கினாள். அண்ணனுக்கும் பால்கனி ஆயிற்று.

சில கப்பல்களில் ஜன்னல் இல்லாத அறையின் சுவரில் பெரிய திரை வைத்து, வெளியே தெரிகிற கடலை அப்போதைக்கப்போதே காட்டுகிறார்கள். டிராவல்ஸ் பையன் அந்தப் படத்தைக் காட்டியபோது, "டிவியில கடலைப் பாக்க நான் கடலுக்கே போகணுமா?" என்றாள் அம்மா. கப்பல் கம்பெனிகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றனவா என்று தெரியவில்லை.

இந்த ஜன்னல் கௌரவத்தில் ஒரு வேடிக்கை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. மேலே போகப் போக, முன்னாலும் பின்னாலும் தள்ளிப் போகப் போக ஆட்டம் அதிகம். அழகான காட்சிக்காக உச்சித் தளத்தில் பணத்தைக் கொட்டியவர்கள்தான் அதிகம் குலுங்குவார்கள். மாப்பிள்ளையோ கொல்லிமலை வளைவுகளிலேயே பாலித்தீன் பையோடு உட்கார்கிறவர். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கௌரவத்தை அடைந்தவருக்கு அதன் பலன்களையும் அனுபவிக்கிற உரிமை உண்டு.

விலைப்பட்டியலைப் படிப்பது தனிக் கலை. போட்டிருக்கும் தொகை ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆவது. மூன்றாவது, நான்காவது ஆள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குகிற கட்டிலில் படுப்பார். அவருக்குச் சலுகை உண்டு. ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான தினசரி சேவைக் கட்டணம் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று தனியே வரும். இதில் மாட்டிக்கொண்டவர் சித்தப்பா. ஒற்றையாளாகத் தங்கினால் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தையும் அவரே கட்ட வேண்டும். பெரிய அத்தையோடு ஒரே அறையில் போட்டுவிடலாமே, கூடப்பிறந்தவர்கள்தானே என்றேன். "அவன் பொறந்ததுலேர்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுட்டேன். இன்னும் மூணு ராத்திரி முடியாது" என்று அத்தை கையை விரித்தார். தங்கையின் அறையில் நாலாவது ஆளாக அத்தை போனார். சித்தப்பா தனித்துவிடப்பட்டார். அவர் அழைத்துக்கொண்டது ராஜேந்திர சோழனை. "1025-ல ராஜேந்திரன் இதே கடாரத்துக்குக் கப்பல்ல படையெடுத்தான். பினாங்குக்கு எதிர்க்கரைதான் கெடா, அதான் கடாரம். தஞ்சாவூர்க் கல்வெட்டுல இருக்கு. அவன் தனியாளுக்கு ரெண்டு டிக்கெட்டா எடுத்தான்?" டிராவல்ஸ் பையன் அதற்கும் சிரித்துக்கொண்டே, "அப்ப விசாவும் கிடையாதுங்களே சார்" என்றான்.

விசா என்றதும் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் கப்பல் ஏறினால் அந்த நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. திரும்பி வந்து இறங்கினால் மறுபடி புதிதாக நுழைவதாகக் கணக்கு. ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். பதினேழு பாஸ்போர்ட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிச் சரிபார்த்ததில் ஒரு முழு ஞாயிறு போயிற்று. அதில் பாதி நேரம் அவரவர் பழைய போட்டோவைப் பார்த்துச் சிரித்ததில் போனது.

இத்தனை பேரில் கப்பல் அனுபவம் உள்ளவர் பெரிய அத்தை மட்டும்தான். ஐம்பதுகளின் கடைசியில், பத்து வயதில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜுலா கப்பலில் போனவர். மூன்று வயது அப்பாவும் போயிருக்கிறார். ஆனால் வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் அவருடைய பங்களிப்பு எதுவும் குடும்ப வரலாற்றில் பதிவாகவில்லை. ரஜுலா 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை தமிழர்களை ஏற்றி இறக்கியது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய் அலையில் ஏறி இறங்குகிற நேரம் பார்த்துத் தாவ வேண்டும்.

"எங்கம்மா என்ன பண்ணா தெரியுமா? ஏறின உடனே, மூட்டையைக்கூட இறக்கல, பாயை விரிச்சுட்டா. காத்து வர்ற இடமா, வெயில் படாத இடமா, கக்கூசுக்கு ரொம்பப் பக்கமும் இல்லாம, ரொம்பத் தூரமும் இல்லாம. சுத்தி ரெண்டு பொடவையைக் கட்டினா. அதான் எங்க வீடு, அஞ்சாறு நாளைக்கு. லேட்டா வந்தவங்க எஞ்சின் சூட்டுல கெடந்தாங்க." சொல்லும்போது அத்தையின் கை அந்தரத்தில் பாயை விரித்து, நான்கு மூலையையும் நீவி, காற்று வரும் திசையில் ஒரு புடவையை இழுத்துக் கட்டிவிட்டு மடியில் வந்து அமர்ந்தது.

ஆகவே அத்தையின் நிபந்தனை ஒன்றுதான். விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். இது ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டிய கப்பல், ரஜுலா எட்டாயிரத்துச் சொச்சம், அறைக்கு நம்பர் இருக்கிறது, மத்தியானம் நமக்கு ஒதுக்கிய நேரத்துக்குத்தான் ஏற முடியும் என்றெல்லாம் அத்தையின் மகன் விளக்கினான். அத்தை கேட்டுக்கொண்டு பாயை எடுத்து வெயிலில் போட்டார். நானும் முதலில் சிரித்தேன். பிறகு பயண அனுபவங்களைத் தேடிப் படித்தபோது தெரிந்தது: இந்த நவீனக் கப்பல்களில் நீச்சல் குளத்தின் ஓரம் இருக்கும் சாய்வு நாற்காலிகளுக்கு வெள்ளைக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து வந்து துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்களாம். ஆள் இல்லாத துண்டை அரை மணியில் அகற்றுவோம் என்று கப்பல்காரர்கள் போர்டு வைக்கிறார்களாம். அத்தையிடம் சொன்னேன். "நான் பாயிலயே உக்காந்திருப்பேன், எவன் அகத்துவான்?" என்றார்.

கப்பலுக்குக் கொண்டுபோகக் கூடாதவை என்று வந்த பட்டியல், அண்ணி கொண்டுபோக எழுதிய பட்டியலை அப்படியே நகல் எடுத்தது போலிருந்தது. அயர்ன் பாக்ஸ் கூடாது, மின்சாரக் கெட்டில் கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, மெழுகுவத்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது. கப்பலில் தீ என்பது விளையாட்டல்ல. ஓடித் தப்ப இடமில்லை. நியாயம்தான். ஆனால் எழுபது வயது பூர்த்தியானவருக்குக் கற்பூர ஆரத்தி எடுக்காமல் எப்படி என்று அம்மா கேட்டாள். பேட்டரி விளக்கு என்று என் மகள் யோசனை சொல்ல, அம்மா பார்த்த பார்வையில் அவள் ஹோம்வொர்க் செய்யப் போய்விட்டாள். வீட்டில் சமைத்த பண்டமும் கூடாது, சீல் உடைக்காத பாக்கெட் தின்பண்டத்துக்கு மட்டும் அனுமதி. அண்ணி தன் கைமுறுக்கைக் கடைவீதியில் மிக்சர் பொட்டலம் போடுகிறவரிடம் கொடுத்துச் சீல் அடித்து வாங்கிவிட்டாள். ஒரு மூலையில் 'நெட் வெயிட்' கூட இருக்கிறது. குருமாப் பொடியை மட்டும் நான் பிடிவாதமாக எடுத்துவிட்டேன். அதில் கசகசா இருக்கிறது. சிங்கப்பூரில் அதை உள்ளே விடமாட்டார்கள். கசகசாவுக்காகக் குடும்பத்தோடு விசாரணை அறையில் உட்காருவதைவிடக் குருமா இல்லாமல் இருந்துவிடலாம்.

எல்லாம் முடிந்து முன்பணம் கட்டப் போகும் நேரத்தில்தான் டிராவல்ஸ் பையன் அந்தப் படிவத்தை நீட்டினான். அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர், செல் நம்பர். "கூட வராதவங்களா இருக்கணுங்க சார்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அவசரம் என்றால் கூப்பிடுகிற அத்தனை பேரும் கப்பலில் இருந்தார்கள். மிச்சம் ஒரே ஒருவர்தான். அம்மா ஏற்கெனவே போனை எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

மாமாவிடம் நான்தான் பேச வேண்டியிருந்தது. விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதாவது மாப்ளே, நீங்கள்லாம் போறீங்க. முங்கினா எனக்குச் சொல்லுவாங்க."

"அப்படி இல்லைங்க மாமா..."

"பந்தியிலதான் எழுப்பி விட்டீங்க, கப்பல்லயும் இலை இல்லையா?"

அம்மா போனைப் பிடுங்கினாள். "நீயும் வாடா" என்று அழுதாள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "ரெண்டு வருஷமா எடுத்து வச்சிருக்கேன், எவன் கூப்பிடுறான்?" என்றார் மாமா.

பதினெட்டு ஆனதும் கணக்கு திடீரென்று நேரானது. சித்தப்பாவின் அறையில் இன்னொரு கட்டில் காலியாகத்தானே இருந்தது. இரட்டைக் கட்டணத் தொல்லை ஒழிந்தது. பந்தி விவகாரம் இருவரும் தலைக்குத் தலை படுத்துக்கொண்டு பேசித் தீர்க்க வேண்டியது. குறட்டை பற்றி மாமாவை எச்சரித்தேன். அவருக்குக் காது மந்தம். ராத்திரியில் மெஷினைக் கழற்றி டப்பியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாராம். சித்தப்பாவுக்காகவே படைக்கப்பட்ட மனிதர்.

ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் மறுபடி காலி. கீழ் வீட்டுக் குடித்தனக்காரர் அதே வாரம் ஊருக்குப் போகிறார். டிராவல்ஸ் பையன் தன் பெயரைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டான். எங்களை அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். கடைசியில் பால்காரரைக் கேட்டோம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு முழுவதையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"போட்டுக்குங்க சார், நம்பருக்கென்ன. ஆனா போன் வந்துச்சுன்னா நான் அதை யாருகிட்ட போய்ச் சொல்லணும்?"