மும்பைத் தமிழ் வட்டாரத்தில் புல்லட்டின் முன் பிரேக்: பரபக்கமும் சுபக்கமும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பேட்டைகளும் ஊர், தொழில், காப்பியின் திடம் என எதிலும் ஒத்துப்போவதில்லை. ஆனால் பழைய புல்லட் வைத்திருப்பவர் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் முன் பிரேக்கை மாற்றத் துடிப்பதில் மூன்றும் ஒன்றே. இந்த அரிய ஒற்றுமையை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளாதது தமிழாய்வின் பெருங்குறை. அதைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லையை முதலிலேயே வகுத்துவிடலாம். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உடைய, டிரம் பிரேக் பூட்டிய பழைய புல்லட் மட்டுமே இங்கே பொருள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடு பிறந்த புது வண்டிகளுக்கு இடமில்லை. சைலன்சரை மாற்றி நள்ளிரவில் தெருவை எழுப்புவோர் வேறு துறையைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் காவல் துறை ஆராயட்டும். கருதுகோள் இதுதான்: மும்பைப் புல்லட்டின் முன் பிரேக்கில் மிகப் பலவீனமான உறுப்பு டிரம்மும் அல்ல, ஷூவும் அல்ல; லிவரைத் தொடப் பயப்படும் வலது கைதான்.

வண்டியின் குலம் கோத்திரம் விசாரிக்காமல் ஆய்வு தொடங்குவது மரபல்ல. புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு 350 சிசி வண்டிகளை வாங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-இல் தாய்வீட்டில் உற்பத்தி முற்றாக நின்றது. திருவொற்றியூர்ப் பிள்ளையோ அசையவில்லை. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பிரிட்டிஷ் கிளாசிக் என்று மார்தட்டுவோர் அறிய வேண்டியது, அதன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங்குக்கும் சென்னைதான் பேர்போன ஊர். பாடியும் அம்பத்தூரும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் சரக்கு அது. ஆகவே மும்பையில் தமிழர் கையில் புல்லட் நிற்கும்போது நிறுத்தியது பிரிட்டன் அல்ல, சென்னை என்று துணிந்து சொல்லலாம்.

இனி உறுப்பியல். டிரம்முக்குள் அரைவட்டமாக இரண்டு ஷூக்கள். கேம் திரும்பினால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசும். சக்கரம் சுற்றும் திசையிலேயே விரியும் ஷூவை டிரம்மே உள்ளிழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். இது லீடிங் ஷூ. எதிர்த்திசையில் விரிவதை டிரம் தள்ளிவிடும். இது டிரெய்லிங் ஷூ. பழைய 6 அங்குல முன் பிரேக்கில் இரண்டிலும் ஒவ்வொன்று: ஒன்று உழைக்கும், மற்றொன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும். பிற்காலத்தில் வந்த 7 அங்குல ட்வின் லீடிங் முன் பிரேக்கில் இரண்டு கேம்கள், இரண்டு ஷூவும் லீடிங், ஆகவே இரண்டும் உழைக்கும். ஆனால் முன்னோக்கி ஓடும்போதுதான். சயான் பாலத்து ஏற்றத்தில் நின்று வண்டி பின்னால் நழுவினால் சக்கரம் திசை மாறும். இரண்டு லீடிங்கும் ஒரே நொடியில் டிரெய்லிங் ஆகிவிடும். அப்போது இடது காலைத்தான் நம்ப வேண்டும்.

மேம்பாட்டுவாதிகள் இரு கலைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். மாட்டுங்காவில் வைணவத்தின் வடகலை, தென்கலை விவகாரம் அறியாதவர் இல்லை என்பதால் அந்த மரபிலேயே விளக்கலாம். வடகலையாருக்கு மர்க்கட நியாயம்: குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். டிரம் கட்சி இது. நான்கு விரலால் முழு மூச்சாக லிவரைப் பற்றினால்தான் முக்தி. தென்கலையாருக்கு மார்ஜால நியாயம்: பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விச் செல்லும். டிஸ்க் கட்சி இது. இரண்டு விரல் பட்டாலே அருள் சுரக்கும். ஏபிஎஸ் என்பது முழுச் சரணாகதி. பிழை செய்தாலும் தடுத்தாட்கொள்ளும். இரு கலையாரும் கராஜ் வாசலில் விடியும்வரை வாதிடலாம். இருவரும் மறந்துபோகும் ஒரு சங்கதி உண்டு: பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும் உரசும் உள்ளங்கை அகல இடம். அங்கே பிடிமானம் இல்லாவிட்டால் எந்தக் கலையும் எடுபடாது.

ஆதாரத்துக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். ஒழுங்காக வைத்திருக்கும் டிரம், ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைக்கிறது என்று கொண்டால், வண்டி நிற்க ஏறத்தாழ 7 மீட்டர். பெருஞ்செலவு செய்து 5-ஐ 6 ஆக்கினால் 5.8 மீட்டரில் நிற்கும். லாபம் 1 மீட்டருக்குச் சற்று மேல். இதற்கு முன்னால் இன்னொரு தூரம் இருக்கிறது. ஆபத்தைக் கண்ணால் பார்த்து, விரல் ஆக்சிலேட்டரை விட்டு, லிவரைத் தேடி, அழுத்துவதற்குள் ஒரு நொடி போனால் 8.3 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரத்தைவிடப் பிடிப்பதற்கு முன் ஓடும் தூரம் அதிகம்! இரண்டு விரலை முன்கூட்டியே லிவர்மேல் வைத்திருப்பவர் அதில் அரை நொடியை மிச்சம் பிடித்தால் லாபம் 4 மீட்டருக்கு மேல், செலவு சைபர். 60 கிலோமீட்டர் வேகத்திலும் இதே கதைதான்: பிரேக்கை உயர்த்தினால் 4.6 மீட்டர், விரலை உயர்த்தினால் 8.3 மீட்டர்.

விரல் ஏன் அங்கே இருப்பதில்லை? முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று சைக்கிள் காலத்திலிருந்தே ஓதி வளர்த்திருக்கிறோம். இந்த உபதேசத்தில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. சக்கரத்தைத் திருப்பியபடியோ மணலிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழுவது நிச்சயம். ஆனால் வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகி, சற்று அழுத்தினாலே வழுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது என்பது பௌதிகம். அதை விட்டுப் பின்னாலேயே மிதிப்பவர், பழைய புல்லட்டில் இன்னொரு கண்ணியிலும் சிக்குவார். மற்ற வண்டிகளில் வலது கால்தான் பிரேக். அந்தப் பழக்கத்தில் பதற்றத்தோடு வலது காலை மிதித்தால் புல்லட்டில் அது கியர். முதல் கியர் மேலே, மற்றவை கீழே என்ற பழைய வரிசையில், மிதிக்க மிதிக்க மேல் கியர் விழும். நிற்கச் சொன்னால் வண்டி ஓடத் தயாராகிறது. ஏறக்குறைய எல்லா மோட்டார் சைக்கிளிலும் இடம் மாறாமல் இருக்கும் ஒரே பிரேக் வலது கையின் முன் பிரேக். அதையே தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கே காசைக் கொட்டி அலங்காரம் செய்வதுதான் நம் வட்டாரத்து விசித்திரம்.

இனி பரபக்கம், அதாவது எதிர்வாதங்கள். மழைதான் முதல் வாதம், அதற்கு மரியாதை தர வேண்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நகரம் இது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் ஓரம் தேங்கும் தண்ணீரைக் கடந்தால் டிரம்முக்குள் நீர் புகும். அடுத்த சில பிடிகளுக்கு லைனிங் வழுக்கும். டிஸ்க்கோ திறந்த வெளியில் சுற்றுவதால், பேட் பட்டதும் நீரை வழித்துவிடும். இந்த ஒன்றில் தென்கலைக்கே வெற்றி. ஆனால் ஈர ரோட்டில் டயரின் பிடிமானமே குறைந்துவிடுகிறது. கராஜில் மாற்றிப் பூட்டும் டிஸ்க்கோடு ஏபிஎஸ் வருவதில்லை. அருள் அளவுக்கு மீறிச் சுரந்து சக்கரம் பூட்டிக்கொண்டால், குட்டியைக் கவ்விய பூனையே வழுக்குகிறது. டிரம்காரர் நீரைக் கடந்ததும் லேசாகப் பிரேக்கைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். தண்ணீர் அதற்கும் மேலே ஏறினால் இன்ஜினே நின்றுவிடுவதால் பிரேக் பற்றிய விவாதம் தானாக முடிவுக்கு வரும்.

வேகம் என்பார்கள் அடுத்து. இந்நகரில் வேகம் கிடைக்கும் இடங்களான பாந்த்ரா–வொர்லி கடல் பாலம், ஜே.ஜே. மேம்பாலம், அடல் சேது ஆகியவற்றில் இருசக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது. அனுமதி உள்ள தாராவி 90 அடி ரோட்டில் கைவண்டிக்குப் பின்னால் போகலாம். செம்பூர் தாண்டி ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே உண்டே என்று கேட்டால், உண்டுதான். அங்கே 6 அங்குல சிங்கிள் லீடிங் பிரேக்கை நம்பி விரட்டுவதை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. மூன்றாவது வாதம்தான் ஆகக் கனமானது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். முன்னால் போகிறவன் சட்டென்று நிற்கக் கற்றுக்கொண்டான். பின்னால் வருகிறவனும் கற்றாக வேண்டும். இடைவெளி விட்டு ஓட்டு என்பது வழக்கமான பதில். மும்பையில் விட்ட இடைவெளியில் ஒரு ஆட்டோ குடியேறிவிடும். ஆகவே இந்த வாதத்துக்கு முழுச் சமாதானம் என்னிடம் இல்லை, பாதிச் சமாதானம் உண்டு: அது விரலைத் தயாராக வைக்கவும் நல்ல லைனிங் போடவும் சொல்கிறதே தவிர, டிஸ்க்கைக் கட்டாயமாக்கவில்லை.

டிஸ்க் என்பது தட்டோடு முடிகிற காரியமும் அல்ல. காலிப்பரைத் தாங்க வேறு ஃபோர்க், அதற்கேற்ற ஹப், மாஸ்டர் சிலிண்டர் என்று வண்டியின் முன்பாதியே மாறும். பழசு குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய சாமான் கடைக்கோ தாராவி 13 காம்பவுண்டுக்கோ போகும். போதாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

ஆகச் சுபக்கம், அதாவது என் தரப்பு. ட்வின் லீடிங் பிளேட் இருந்தால் அதன் இணைப்புக் கம்பியை அளவு பார்க்காமல் விடக் கூடாது. இரண்டு கேமும் ஒரே கணத்தில் திரும்பவில்லை என்றால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். வாங்கியது ட்வின், ஓட்டுவது சிங்கிள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, லிவரை இறுகப் பிடித்தபடியே நட்டை முறுக்கினால் ஷூக்கள் டிரம்மின் நடுவுக்கு வந்து உட்காரும். மிஸ்திரிகள் அவசரத்தில் விடுவது பெரும்பாலும் இதைத்தான். கேபிளின் வெளியுறை நைந்திருந்தால் கையின் பலத்தில் பாதியை அதுவே விழுங்கும், புதிது போடுங்கள். முழுதாகப் பிடிக்கும்போது கேம் லிவரும் கேபிளும் செங்கோணத்தை நெருங்க வேண்டும். டிரம் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் லேத்தில் கடைந்து, அந்த வளைவுக்கே லைனிங்கையும் தேய்த்து, முன்விளிம்பைச் சரித்துவிடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசை வாயால் ஊதாதீர்கள். பிறகு டயரின் பிடிமானத்தையும் பாருங்கள். இவ்வளவும் செய்து முடித்து, காலியான ரோட்டில் முன் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திப் பழகி, அப்போதும் போதவில்லை என்று தோன்றினால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்தக் காசு தபால் ஆபீசில் கிடக்கட்டும்.